குதிகால் வலி: அறுவை சிகிச்சை இல்லாத வழிகளில் எது முதலில், எது பிறகு?

ஃபஜ்ர் தொழுகைக்கு எழுந்து முதல் அடியைத் தரையில் வைத்ததும் குதிகாலில் ஆணி இறங்கியது போல ஒரு வலி. நாலு அடி நடந்தால் குறைகிறது. சற்று உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் அதே குத்தல். நாற்பது வயதைக் கடந்த நம் தாய்மார்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. வாழ்நாளில் பத்தில் ஒருவருக்கு இந்த வலி வருகிறது என்பது மருத்துவர்களின் கணக்கு.

வலி ஏன் வருகிறது?

குதி எலும்பிலிருந்து கால்விரல்கள் வரை உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. அது குதி எலும்போடு சேரும் இடம் தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏறினால் வலி தொடங்கும். மருத்துவர்கள் இதை 'பிளாண்டர் ஃபேசியைட்டிஸ்' என்பார்கள்.

ஏற்காடு அடிவாரத்தில் வசிப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மேட்டில் ஏறும்போது கெண்டைக்கால் தசையும் இந்தப் பட்டையும் அதிகமாக இழுபடுகின்றன. காபித் தோட்டச் சரிவுகளில் தினமும் ஏறி இறங்குபவர்களுக்கு இந்தச் சுமை கூடுதல். கீழே சேலம் கடைவீதியில் நாள் முழுவதும் நின்றபடி துணி எடுத்துக் காட்டுபவர்களுக்கும், டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு மணிக்கணக்கில் சமைப்பவர்களுக்கும் இதே நிலைதான். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தமே வந்தது. உடல் எடை கூடுவதும் ஒரு முக்கியக் காரணம்.

எக்ஸ்ரேயில் 'எலும்பு வளர்ந்திருக்கிறது' என்றதும் பலர் பயந்துவிடுகிறார்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த வளர்ச்சி உண்டு. அதை வெட்டி எடுத்தால்தான் வலி தீரும் என்று எண்ண வேண்டியதில்லை.

சிகிச்சைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்

*நீட்சிப் பயிற்சி:* செலவே இல்லாதது. வலிக்கும் காலை மறு தொடையின் மேல் வைத்து, விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி இழுங்கள். உள்ளங்கால் பட்டை விறைப்பாகும்போது பத்து விநாடி நிறுத்துங்கள். இப்படிப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே ஒரு வேளையை முடித்துவிட வேண்டும்.

*வலுவூட்டும் பயிற்சி:* டென்மார்க்கில் ஆய்வு செய்யப்பட்ட முறை இது. படிக்கட்டின் விளிம்பில் நின்று, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். மூன்று மாதத்தில், நீட்சிப் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட இதைச் செய்தவர்களுக்கு நல்ல பலன் தெரிந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரு தரப்பும் ஏறக்குறைய சமம்.

*செருப்பும் இன்சோலும்:* தேய்ந்த ரப்பர் செருப்பை மாற்றுங்கள். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு அணியுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண இன்சோலுக்கும், பாதத்தை அளவெடுத்துச் செய்யும் விலை உயர்ந்த இன்சோலுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முதலில் மலிவானதையே முயன்று பார்க்கலாம்.

*டேப் ஒட்டுதல்:* பிசியோதெரபிஸ்ட் உள்ளங்காலில் ஒட்டும் டேப் சில நாட்களுக்கு வலியைக் குறைக்கும். பயிற்சியைத் தொடங்க இது ஒரு துணை.

*செங்கல் ஒத்தடம்:* செங்கல்லைச் சூடாக்கி, எருக்கிலை வைத்து, அதன்மேல் குதிகாலை ஊன்றுவது நம் பாட்டிமார் வழக்கம். சூடு தற்காலிகமாக இதம் தரும். ஆனால் சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்குச் சூடு உறைக்காது. கால் வெந்து புண்ணாகிவிடும். அவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

*வலி மாத்திரை:* சில நாள் நிவாரணம் மட்டுமே. மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம்.

*ஸ்டீராய்டு ஊசி:* சீக்கிரம் வலி குறைவதால் பலர் இதைக் கேட்டு வாங்குகிறார்கள். ஆய்வுகளில் தெரிந்த பலன் சுமார் ஒரு மாதம்தான். திரும்பத் திரும்பப் போட்டால் நார்ப்பட்டை கிழியவும், குதிகாலின் கொழுப்பு மெத்தை தேயவும் வாய்ப்புண்டு. சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை அளவு ஏறும்.

*ஷாக்வேவ் சிகிச்சை:* கருவி மூலம் அழுத்த அலைகளைக் குதிகாலில் செலுத்துவது. வழக்கமாக வாரம் ஒன்றாகச் சில அமர்வுகள். பயிற்சியில் குணமாகாத நாள்பட்ட வலிக்கு ஓரளவு நல்ல சான்று உள்ளது. கர்ப்பிணிகளுக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் ஏற்றதல்ல.

*பி.ஆர்.பி. ஊசி:* நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துச் செலுத்துவது. செலவு அதிகம். ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை.

எந்த வரிசை?

2021-ல் வெளியான ஒரு சர்வதேச மருத்துவ வழிகாட்டி, நீட்சிப் பயிற்சி, டேப், நோயைப் பற்றிய விளக்கம் ஆகிய மூன்றையும் முதலில் வைக்கிறது. நான்கு முதல் ஆறு வாரத்தில் போதிய பலன் இல்லையென்றால் ஷாக்வேவ். அதன் பிறகுதான் அளவெடுத்த இன்சோல். ஊசியில் தொடங்கி, கையில் இருந்த பணத்தைச் செலவழித்த பிறகு பயிற்சிக்கு வருவது தலைகீழான வழி.

பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலேயே குணமாகிறது. பொறுமைதான் இங்கே பாதி மருந்து. ஒரு வாரம் செய்துவிட்டு 'கேட்கவில்லை' என்று நிறுத்துவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு.

உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டியவர்கள்

ஓய்விலும் இரவிலும் வலி இருப்பவர்கள், வீக்கமோ காய்ச்சலோ உள்ளவர்கள், விழுந்த பின் காலை ஊன்ற முடியாதவர்கள், பாதம் மரத்துப் போனவர்கள், காலையில் முதுகும் விறைத்துக்கொள்ளும் இளைஞர்கள் ஆகியோர் தாமதிக்கக் கூடாது. குழந்தைகளின் குதிகால் வலிக்குக் காரணம் வேறாக இருக்கும். அதையும் மருத்துவரிடமே காட்ட வேண்டும்.

நம் வீட்டில் யாராவது நொண்டியபடி சமையலறைக்கு நடந்தால், 'வயசாகிவிட்டது' என்று விட்டுவிடாமல் அந்தப் பயிற்சியை அவருக்குச் சொல்லிக் கொடுப்போம். அவர் அதைச் செய்து முடிக்கும்வரை அடுப்பை நாம் பார்த்துக்கொள்வோம். இன்ஷா அல்லாஹ், சில மாதங்களில் நல்ல மாற்றம் தெரியும்.