செட்டில் ஆயிட்டீங்களா? ஒரு வினைச்சொல்லும் ஒரு மலையும்

இந்த எபிசோடு ஒரு கேள்வியில ஆரம்பிக்குது.

போன மாசம் கூட வேலை பாக்குற நண்பனோட ஊருக்குப் போயிருந்தேன். கொல்லிமலையில தேவனூர் நாடு. காரவள்ளியில இருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, வயித்தைப் பிடிச்சுக்கிட்டே இறங்கினேன். அவனோட அப்பா கேட்ட முதல் கேள்வி, "என்ன தம்பி, சென்னையில செட்டில் ஆயிட்டீங்களா?"

வாடகை வீடு, ரெண்டு மாச நோட்டீஸ் பீரியட்ல வேலை. "இன்னும் இல்லீங்கய்யா"ன்னேன். சிரிச்சுட்டார்.

சாயங்காலம் ஒரு பிளாஸ்டிக் கவர்ல இருந்து சிட்டா காப்பியை எடுத்து நீட்டினார். பரப்பு ஒரு கட்டம், பக்கத்துல 'தீர்வை'ன்னு ஒரு கட்டம். "தீர்வைன்னா என்ன தம்பி? எல்லாம் தீந்துபோச்சுன்னு அர்த்தமா?"ன்னு கேட்டார். கிண்டலாத்தான் கேட்டார். ஆனா அவர் காலையில கேட்டதும் சாயங்காலம் கேட்டதும் ஒரே கேள்வின்னு எனக்கு சென்னை வந்து படிச்சப்புறம்தான் புரிஞ்சுது.

முதல்ல அந்த இங்கிலீஷ் வினைச்சொல். நாம 'செட்டில்'ங்கிறதை எத்தனை விதமா சொல்றோம் பாருங்க. பில்லை செட்டில் பண்ணு. கல்யாணம் முடிஞ்சு செட்டில் ஆயிட்டா. கனடாவுல செட்டில் ஆயிட்டான். அப்பா பையன் பேருக்கு வீட்டை செட்டில்மெண்ட் எழுதி வெச்சார். வேலையை விட்டா ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மெண்ட். சினிமா தாதா பண்றதும் செட்டில்மெண்ட்தான். கலங்கின தண்ணியில மண்ணு அடியில தங்குறதுக்கும் இங்கிலீஷ்ல இதே சொல்.

மூலம் பழைய ஆங்கிலத்துல 'செட்ல்'. உட்காரும் இடம், இருக்கைன்னு அர்த்தம். அதுல இருந்து வந்த வினைச்சொல்லுக்கு 'ஓரிடத்துல அமர்த்து'ன்னு பொருள். ஆனா அந்த மொழியில கிட்டத்தட்ட இதே மாதிரி ஒலிச்ச இன்னொரு வினைச்சொல் இருந்துச்சு. அதுக்கு 'சமாதானம் செய்'னு அர்த்தம். காலப்போக்குல ரெண்டோட பொருளும் ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சுடுச்சு. அதனாலதான் ஊர்ல குடியேறுறதும் செட்டில், சண்டையைத் தீர்க்கிறதும் செட்டில்.

இந்த ரெண்டு அர்த்தத்தையும் மனசுல வெச்சுக்கங்க. ஒண்ணு, உட்கார வைக்கிறது. இன்னொண்ணு, ரெண்டு பக்கமும் ஒத்துக்கிறது.

இப்போ 1792. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலம் பகுதியையும் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்கிறார். வரி வசூலை ஒழுங்கு பண்ண கேப்டன் அலெக்சாண்டர் ரீட் வர்றார். அவருக்கு உதவியாளர்கள்ல ஒருத்தர் தாமஸ் மன்றோ. சென்னை தீவுத்திடல் பக்கம் சேணம் இல்லாத குதிரையில உக்காந்திருக்கிற அதே மன்றோதான். நிலத்தை அளந்து, தரம் பார்த்து, ஒவ்வொரு விவசாயிக்கும் இவ்வளவு வரின்னு முடிவு பண்ணாங்க. இடையில ஜமீன்தார் கிடையாது. இதுதான் ரயத்துவாரி. இந்த வேலைக்கு அவங்க வெச்ச பேரு 'செட்டில்மெண்ட்'.

அதே காலத்துல வங்காளத்துல 1793ல காரன்வாலிஸ் கொண்டுவந்தது 'பெர்மனெண்ட் செட்டில்மெண்ட்'. அங்க ஜமீன்தாரோட கணக்கு முடிச்சாங்க. ரீட் கிளம்பினப்புறம் சேலத்துலயும் அதைச் செஞ்சு பார்த்தாங்க. ஜில்லாவை 'மிட்டா'க்களாப் பிரிச்சு வித்தாங்க. மிட்டாதாரர்கள் பலரால கிஸ்தி கட்ட முடியல, நிறைய மிட்டாக்கள் கவுந்துச்சு. 1820ல மன்றோ மெட்ராஸ் கவர்னர் ஆனப்போ ரயத்துவாரி மறுபடி வந்துச்சு. 'பெர்மனெண்ட்'னு பேர் வெச்சது சேலத்துல பெரும்பகுதி நிலைக்கவே இல்ல. நம்ம ஆபீஸ்ல 'ஃபைனல்_வி2'ன்னு ஃபைலுக்குப் பேர் வைக்கிற கதைதான்.

சரி, தமிழ்ல இதை எப்படிச் சொன்னாங்க? இங்கதான் நான் அசந்துபோனேன். தீர்னா முடி, கணக்கு நேர் பண்ணு, வழக்குக்கு முடிவு சொல்லு. அதுல இருந்து தீர்வு, தீர்ப்பு, தீர்மானம். நிலத்துக்கு முடிவு பண்ண வரி, தீர்வை. இங்கிலீஷ் செட்டில் செஞ்ச வேலையில பாதியை நம்ம 'தீர்' ஏற்கெனவே செஞ்சுக்கிட்டிருந்துச்சு. ஐயாவோட சிட்டாவுல இருக்கிற கட்டத்துக்கு அர்த்தம் அதுதான். தாலுகா ஆபீஸ்ல இன்னிக்கும் வருஷா வருஷம் ஜமாபந்தி நடக்குதுல்ல, அதுவும் பசலி வருஷக் கணக்கை முடிக்கிற செட்டில்மெண்ட்தான்.

ஆனா 'தீர்'ல உக்கார வைக்கிற அர்த்தம் கிடையாது. செட்டில்ல உண்டு. அந்த அர்த்தம் எங்கெல்லாம் போச்சு தெரியுமா? 1826ல பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரைச் சேர்த்து 'ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்'னு பேர் வெச்சாங்க. நம்ம ஆளுங்க கப்பல்ல போய் இறங்கின கரை அது. 1871ல குற்றப் பரம்பரைச் சட்டம். 1911 சட்டத்துக்கு அப்புறம் மெட்ராஸ் மாகாணத்துலயும் அது அமலாச்சு. குற்றப் பரம்பரைன்னு முத்திரை குத்தின சமூகங்களைக் குடும்பத்தோட கொண்டுபோய் அடைச்ச இடங்களுக்கும் 'செட்டில்மெண்ட்'தான் பேரு. சால்வேஷன் ஆர்மி நடத்தின ஸ்டூவர்ட்புரம் அப்படி ஒண்ணு, இப்போ ஆந்திராவுல இருக்கு. உள்ளே இருக்கிறவங்க வெளியே போகணும்னா அனுமதிச் சீட்டு வேணும். சமாதானம்ங்கிற அர்த்தம் சுத்தமா காணாமப் போய், உக்கார வைக்கிறது மட்டும் மிச்சம்.

திரும்ப மலைக்கு வருவோம். கொல்லிமலையில பதினாலு நாடு. தேவனூர், வளப்பூர், அரியூர், சேளூர், வாழவந்தின்னு போகும். இங்க நாடுன்னா தேசம் இல்ல. சில ஊர்கள் சேர்ந்த ஒரு வட்டாரம். சோழர் கல்வெட்டுகள்ல வர்ற அதே சொல், இங்க இன்னும் பஞ்சாயத்துப் பேராவே உயிரோட இருக்கு. இங்க வாழ்றவங்க மலையாளிகள். கேரளா இல்லை, மலையை ஆள்றவங்கன்னு அவங்க சொல்லுவாங்க. காஞ்சிபுரத்துல இருந்து கிளம்பின அண்ணன் தம்பி மூணு பேர் ஆளுக்கொரு மலைக்குப் போனாங்கங்கிறது அவங்க கதை. அவங்க செட்டில் ஆன கதை அது. யாரும் உக்கார வைக்கல.

1882ல மெட்ராஸ் வனச் சட்டம் வருது. ஒரு காட்டை ரிசர்வ் ஃபாரஸ்ட் ஆக்கணும்னா முதல்ல அறிவிப்பு. அப்புறம் ஒரு அதிகாரி வந்து, இதுல யாருக்கு என்ன உரிமை இருக்குன்னு கேட்டு முடிவு பண்ணணும். அவர் பதவிப் பேரு 'ஃபாரஸ்ட் செட்டில்மெண்ட் ஆபீசர்'. உரிமை கோர குறிப்பிட்ட கெடு, சில மாசம். அதுக்குள்ள கேக்காத உரிமை பெரும்பாலும் போனது போனதுதான். எழுத்தும் கச்சேரியும் பழக்கமில்லாத ஒரு மலைக்காரர், அடிவாரத்துல படிச்ச அறிவிப்பைக் கேட்டு, கெடுவுக்குள்ள கோரிக்கை வெக்கணும். வெக்கலைன்னா அவர் ஒத்துக்கிட்டதா அர்த்தம். பேசாம இருந்ததையே சம்மதமா எழுதிக்கிற வசதி அந்த முறையிலயே இருந்துச்சு.

மறுநாள் காலையில ஐயா தோட்டத்தைக் காட்டினார். சில்வர் ஓக் மரத்துல மிளகுக்கொடி, கீழே காபி. மேல ஏறினா ஓரத்துல பாசி படிஞ்ச ஒரு எல்லைக்கல். "எங்க தாத்தா கல்லுக்கு அந்தப் பக்கமும் சாமை விதைச்சாருன்னு அப்பா சொல்லுவார் தம்பி. கல்லை நட்டப்போ யாரும் எங்களைக் கேக்கல"ன்னார். கோபமாச் சொல்லல. மழை வரும்னு சொல்ற மாதிரி சொன்னார்.

2006ல வன உரிமைச் சட்டம் வந்துச்சு. காலனி ஆட்சியில காடுகளை ஒருங்கிணைச்சப்போ காட்டுல வாழ்றவங்க உரிமையைச் சரியா அங்கீகரிக்கல, அது வரலாற்று அநீதின்னு அந்தச் சட்டத்தோட முகவுரையே சொல்லுது. 2005 டிசம்பர் 13க்கு முன்னாடி இருந்து வன நிலத்துல குடியிருந்து பயிர் செஞ்ச பழங்குடிக் குடும்பம், அனுபவத்துல இருக்கிற நிலத்துக்கு நாலு ஹெக்டேர் வரை உரிமை கேக்கலாம். முக்கியமா, கோரிக்கையை முதல்ல விசாரிக்கிறது கிராமசபை. அதாவது 'சமாதானம் செய்'ங்கிற அந்தப் பழைய பாதி அர்த்தத்தை 124 வருஷம் கழிச்சு சட்டத்துக்குள்ள திரும்பக் கொண்டுவரப் பார்த்திருக்காங்க.

"நீங்க மனு குடுத்தீங்களாய்யா?"ன்னு கேட்டேன். ஐயா கல்லுக்கு இந்தப் பக்கமே நின்னுக்கிட்டு, "அந்தப் பக்கம் உழுது ரெண்டு தலைமுறை ஆச்சு. இப்போ அனுபவத்துல இல்லைல்ல, எதைக் காட்டி மனு குடுக்க?"ன்னார். சட்டம் புத்தகத்துல படிச்சப்போ எனக்கு இந்த ஓட்டை தெரியல. முதல் செட்டில்மெண்ட்ல முழுசா வெளியே போனவங்க, ரெண்டாவதுல உள்ளே வர்றது கஷ்டம்.

செம்மேட்டுல பஸ் ஏறும்போது ஒரு பை மிளகைக் கையில திணிச்சார். "சீக்கிரம் செட்டில் ஆயிட்டு சொல்லுங்க தம்பி"ன்னார்.

"நீங்க முதல்ல ஆகுங்கய்யா"ன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். பஸ் கிளம்பிடுச்சு.

உங்க வீட்டுச் சிட்டாவுல தீர்வைக் கட்டத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திக்கலாம்.