ஏழைக்கு உதவி: உரிமையா, தண்டனையா?

1845-ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் தென்பகுதியில் ஆண்டோவர் என்னும் சிற்றூர். அங்கே ஏழைகளுக்கென அரசுச் சட்டப்படி நடத்தப்பட்ட உழைப்பில்லம் ஒன்று இருந்தது. அதில் அடைக்கலம் புகுந்த ஆண்களுக்குத் தரப்பட்ட வேலை, வயலுக்கு உரமாக விலங்குகளின் எலும்புகளை இடித்துப் பொடியாக்குவது. பசி தாளாத அவர்கள், அந்த எலும்புகளில் ஒட்டியிருந்த தசையையும் உள்ளிருந்த மஜ்ஜையையும் உண்டார்கள் என்ற செய்தி வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றக் குழு விசாரித்தது. செய்தி மெய்யெனத் தெரிந்தது.

இதைச் செய்தவர்கள் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால், அந்த உழைப்பில்லத்தைத் தோற்றுவித்த சட்டத்தை வகுத்தவர்கள் கற்றவர்கள்; நாட்டு நலனைக் கருதியவர்கள்; பலர் தவறாமல் ஆலயம் செல்பவர்கள். நல்ல நோக்கம் எங்கே வழி தவறியது என்பதே நாம் சிந்திக்க வேண்டியது.

இடைக்கால இங்கிலாந்தில் பசித்தவர் தட்டிய கதவு பெரும்பாலும் துறவு மடத்தின் கதவே. மடங்களின் தருமம் எல்லா ஊரிலும் ஒரே அளவில் இருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் 1536 முதல் 1540 வரை எட்டாம் என்றி மன்னர் மடங்களைக் கலைத்தபோது அந்தக் கதவும் அடைபட்டது. பல முயற்சிகளுக்குப் பின், 1601-இல் எலிசபெத் அரசியின் ஏழையர் சட்டம் ஒரு நிலையான ஏற்பாட்டைத் தந்தது. ஒவ்வொரு பங்கும் தன் எல்லைக்குள் உள்ள ஏழைகளைக் காக்க வேண்டும். அதற்கென நிலமும் வீடும் உடையவரிடம் வரி திரட்ட வேண்டும். குறைகள் பல இருந்தபோதிலும், ஏழையைக் காப்பது ஊரின் கடமை என்பது சட்டமாயிற்று.

1795-இல் விளைச்சல் பொய்த்து ரொட்டி விலை ஏறியது. பெர்க்ஷயரின் நீதிபதிகள் ஸ்பீனம்லாண்ட் என்னுமிடத்தில் கூடி, ரொட்டியின் விலைக்கேற்பக் கூலிக்காரருக்கு ஒரு குறைந்த அளவு வருவாயை நிர்ணயித்தார்கள். கூலி அந்த அளவை எட்டாவிடில் பங்கின் வரிப்பணம் குறையை நிரப்பும். பட்டினிச் சாவைத் தடுத்த இந்த ஏற்பாடு தென்னிங்கிலாந்தில் பல வடிவங்களில் பரவியது.

எதிர்ப்பும் எழுந்தது. ஆங்கிலிக்கன் குருவான மால்தஸ், உதவி பெருகினால் ஏழைகளின் தொகையே பெருகும் என்று 1798-இல் எழுதினார். கூலியின் குறையைப் பங்கு ஈடுசெய்யும் என்பதால் பண்ணையாளர்கள் கூலியை உயர்த்த மறுக்கிறார்கள், உழைப்பவனும் உழைக்காதவனும் ஒன்றாகிறார்கள் என்ற முறையீடுகள் குவிந்தன. ஏழையர் வரியும் பன்மடங்கு உயர்ந்தது. 1832-இல் அரசு ஓர் ஆணையம் அமைத்தது. நாசௌ சீனியரும் எட்வின் சாட்விக்கும் எழுதிய அதன் அறிக்கையின் வழியே 1834-இன் புதிய ஏழையர் சட்டம் பிறந்தது.

அச்சட்டத்தின் அடிப்படைக் கருத்து சுருக்கமானது. உதவி பெறுபவனின் நிலை, மிகக் குறைந்த கூலிக்கு உழைப்பவனின் நிலையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். உடல் வலுவுள்ளவன் உதவி நாடினால் உழைப்பில்லத்திற்குள் வரட்டும். அங்கே வாழ்வு கடினமாக இருக்கும். உண்மையில் வழியற்றவன் மட்டுமே வருவான். மற்றவர்கள் தாமே வேலை தேடிக்கொள்வார்கள். அவமானமே அளவுகோல். உள்ளே நுழைந்த கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம். மணமாகாத தாய் தன் குழந்தையின் சுமையைத் தானே தாங்க வேண்டும் என்றும் சட்டம் விதித்தது. தந்தையைத் தேடுவது அரிதாயிற்று. பத்தாண்டுகள் கழிந்த பின்பே இந்த விதி தளர்ந்தது.

வில்லியம் கொபெட் நாடாளுமன்றத்தில் இதனைக் கடுமையாக எதிர்த்தார். அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும், மடங்களின் சொத்து ஏழைகளின் பங்கையும் உள்ளடக்கியது, அதைப் பறித்தவர்கள் ஏழைக்குக் கடன்பட்டவர்கள் என்று முன்பே எழுதியவர். உதவி பெறுவது ஏழையின் உரிமை, இரக்கமன்று என்பது அவர் வாதம். சட்டத்தை ஆதரித்தவர்களோ கணக்கைக் காட்டினார்கள். 1834-இல் 63 இலட்சம் பவுனாக இருந்த செலவு, 1837-இல் ஏறத்தாழ 40 இலட்சமாகக் குறைந்தது. சீர்திருத்தம் வென்றதாகவே தோன்றியது.

ஆனால், செலவு குறைந்தது என்பதால் வறுமை குறைந்தது என்று ஆகுமா? வடபகுதி நெசவாலை நகரங்களில் வாணிபம் சரிந்தால் ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். தேட வேலையே இல்லை. சோம்பேறியை விரட்டக் கட்டிய சுவர்களுக்குள் நாளடைவில் நிறைந்தவர்கள் முதியோர், நோயாளிகள், கைம்பெண்கள், அநாதைக் குழந்தைகள். அச்சுவர்களுக்கு அஞ்சி வெளியிலேயே பட்டினி கிடந்தவர்கள் எந்தக் கணக்கேட்டிலும் இல்லை. 1834-இன் அறிக்கை காரணத்தையும் விளைவையும் மாற்றிப் படித்தது என்று பொருளியல் வரலாற்றாசிரியர் மார்க் பிளாக் 1963-இல் வாதிட்டார். உதவித்தொகையால் கூலி தாழவில்லை. கூலி தாழ்ந்திருந்ததாலேயே உதவித்தொகை தேவைப்பட்டது என்பது அவர் முடிவு.

இக்கதையில் நம் திருச்சபைக்கும் பங்குண்டு. உழைப்பில்லங்களில் ஐரிஷ் கத்தோலிக்கக் குழந்தைகள் பலர் இருந்தனர். அவர்களை மீட்டுக் கத்தோலிக்க இல்லங்களிலும் பள்ளிகளிலும் சேர்க்க கர்தினால் மேனிங் நெடுங்காலம் போராடினார். அத்துடன் அவர் நிற்கவில்லை. பட்டினியால் சாகும் மனிதனுக்கு உணவின்மேல் இயற்கை உரிமை உண்டு, ஏழையர் சட்டமே அந்த உரிமையின் மேல் நிற்கிறது என்று 1888-இல் எழுதினார். சிலர் திடுக்கிட்டனர். ஆனால் இறுதித் தேவையில் இருப்பவன் எடுத்துக்கொள்வது திருட்டாகாது என்ற புனித தோமா அக்குவினாரின் போதனையையே அவர் நினைவூட்டினார்.

அந்தச் சட்டத்தின் நிழல் நம் மண்ணிலும் விழுந்தது. 1877-இல் சென்னை மாகாணம் பஞ்சத்தில் வாடியபோது, உதவி எளிதாகக் கிடைத்தால் தேவையற்றவரும் வருவர் என்ற அதே அச்சம் ஆட்சியாளரைப் பிடித்தது. ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்றார். மாகாணச் சுகாதார ஆணையர் மருத்துவர் கோர்னிஷ் இது உயிர்வாழப் போதாது என்று வாதாடினார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டவர்கள் மீளவில்லை.

இங்கிலாந்து பாடம் கற்க நெடுங்காலமாயிற்று. 1909-இன் முதல் நாள் முதல், எழுபது வயதான ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை ஓய்வூதியம் அஞ்சலகத்தில் கிடைத்தது. உழைப்பில்லத்தின் வாசலை மிதிக்காத முதியோர் பலர் அஞ்சலகத்திற்கு வந்தனர். அதுவரை அவர்களுக்குத் தேவை இல்லாமல் இல்லை; நாணமே தடுத்திருந்தது. 1948-இல் ஏழையர் சட்டம் முற்றாக நீக்கப்பட்டது. பல உழைப்பில்லங்கள் மருத்துவமனைகளாயின. ஆனால் அந்தக் கட்டடங்களுக்குள் சிகிச்சைக்குச் செல்லவும் முதியோர் பல ஆண்டுகள் அஞ்சினார்கள்.

புதிய சட்டம் வருவதற்கு ஓராண்டுக்கு முன், 1833-இல், பாரிசில் ஃபிரெடெரிக் ஒசானாம் என்னும் மாணவரும் நண்பர்களும் நம் பங்குகளில் இன்றும் செயல்படும் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கினார்கள். உழைப்பில்லத்திற்கு ஏழை தன் வீட்டை விட்டுச் செல்ல வேண்டும்; வின்சென்ட் சபையிலோ கொடுப்பவர் ஏழையின் வீடு தேடிச் செல்ல வேண்டும். தனியார் தருமம் ஒரு நாட்டின் பசியைத் தீர்த்துவிடாது; அதற்குச் சட்டமும் உரிமையும் வேண்டும் என்பதை மேனிங் அறிந்திருந்தார். ஆனால் சட்டம் எழுதுகிறவர்களும் ஒருமுறை அந்த வீட்டின் தாழ்ந்த வாசலில் குனிந்து நுழைந்திருந்தால், ஆண்டோவரின் எலும்புகள் இடிபட்டிருக்குமா?

உதவித்தொகை, இலவச அரிசி, முதியோர் ஓய்வூதியம் பற்றி இன்று நாம் வாதிடும்போதும், தகுதியற்றவன் ஒருவன் பெற்றுவிடுவானோ என்ற கேள்வியே முதலில் நம் வாயில் வருகிறது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் தகுதியுள்ள ஒருவர் வெட்கி வாசலிலேயே திரும்பிப் போய்விட்டாரோ என்ற கேள்வியை அதற்கு முன்பே கேட்கக் கற்போமாக.