தாடையால் வந்த குழப்பம்

உங்கள் கீழ்த்தாடையின் உட்புறத்தை நாவால் தடவிப் பாருங்கள். சிலருக்கு அங்கே எலும்பு புடைத்திருக்கும். கிரீன்லாந்தின் இனூயிட் மக்களிடம் இது மிகுதி. இடைக்காலத்தில் அங்குக் குடியேறிய நார்ஸ் மக்களிடமும் அப்படியே! இரு சாராரும் வெவ்வேறு வழிவந்தோர்; ஆனால் கடினமான உணவை மென்று வாழ்ந்தவர்கள். மரபுக்கும் இதில் பங்குண்டு.

தடித்த தாடையைக் கண்டதும் தனி மனித இனம் என்று முடிவு கட்டியவரும் உண்டு. 1920களில், கிரீன்லாந்தின் கார்டார் என்னுமிடத்தில், 12ஆம் நூற்றாண்டு நார்ஸ் இடுகாட்டில் மிகப் பெருத்த தாடை ஒன்று கிடைத்தது. டென்மார்க் உடற்கூற்றியலார் ஹான்சன் அதில் ஆதிமனிதச் சாயலைக் கண்டு, ‘ஹோமோ கார்டாரென்சிஸ்’ என்று பெயரே சூட்டிவிட்டார். பிரிட்டிஷ் அறிஞர் ஆர்தர் கீத் இதை ஏற்கவில்லை. பிட்யூட்டரிச் சுரப்பி அளவுமீறிச் சுரந்தால் தாடையும் கை கால்களும் பருக்குமல்லவா? அந்த அக்ரோமெகாலி நோய்தான் இது என்றார். அவர் சொன்னதே நிலைத்தது. தாடைக்குரியவர் நோயுற்ற ஒரு நார்ஸ் மனிதர்.