அனுமதி கேட்கக் கற்ற கைப்பேசி



போன வாரம் பேத்தி வீடியோ காலில் வந்தாள். அவள் பேசியது எனக்குக் கேட்டது. நான் பேசியது அவளுக்குக் கேட்கவில்லை. என்றோ மைக் அனுமதியை மறுத்தவன் நானேதான்! செட்டிங்ஸில் போய் அனுமதித்ததும் சரியாயிற்று.

வரலாற்று வாத்தியார் அல்லவா, கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தேன். இப்படி மறுக்கும் உரிமையே நமக்குப் பின்னால்தான் வந்தது. பழைய ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவும்போதே கேட்டதையெல்லாம் மொத்தமாகக் கொடுக்க வேண்டும். இல்லையேல் செயலி கிடையாது.

2012-இல் ‘பாத்’ என்ற செயலி, ஐபோன்காரர்களின் முகவரிப் புத்தகத்தைக் கேட்காமலே தன் சர்வருக்கு அனுப்பியது அம்பலமானது. அதே ஆண்டு வந்த ஐஓஎஸ் 6, தொடர்பு எண்களைத் தொடுமுன் அனுமதி கேட்க வைத்தது. 2015-இல் ஆண்ட்ராய்டு 6, கேமரா, மைக், தொடர்புகள் என்று தேவைப்படும்போது தனித்தனியே கேட்கத் தொடங்கியது. 2020-இல் ஆண்ட்ராய்டு 11 ‘இந்த முறை மட்டும்’ என்ற வாய்ப்பைத் தந்தது. 2021-இல் ஆண்ட்ராய்டு 12, கேமராவோ மைக்கோ இயங்கினால் திரையின் மேல் மூலையில் பச்சைக் குறி காட்டியது.

வீடியோ காலுக்குக் கேமராவும் மைக்கும் வேண்டும், நியாயம். டார்ச் செயலிக்குத் தொடர்பு எண்கள் எதற்கு? என் போனில் இருப்பவை, என்னை நம்பி நீங்கள் கொடுத்த எண்கள். நான் அவசரத்தில் சம்மதித்தால் போவது உங்களுடையது. அதனால் இப்போதெல்லாம் படித்த பிறகே அழுத்துகிறேன்.

ஊருக்கு வரும்போது பெற்றோரின் போனையும் ஒருமுறை பார்த்துக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்