வேட்டையும் பகுத்துண்ணலும்

வேட்டைமேற் செல்வார் அச்செலவில் மிகுதியும் உவப்பது எதனை? கொன்ற விலங்கின் ஊனையா, கொல்லும் திறத்தையா, உடன் செல்வாரின் கூட்டத்தையா? இவ்வினா எளியது போலத் தோன்றும். ஆயின் பழநூல்கள் வேட்டையைப் பற்றிக் கூறுவனவற்றைத் தொகுத்து நோக்குவார்க்கு, இதன் விடை தமிழர் வாழ்வியலின் அடிப்படைப் பண்பு ஒன்றனைக் காட்டுதல் புலனாகும். நூற்சான்றோடு வரலாற்றுச் சான்றும் ஒருங்கு வாய்த்த நிலப்பகுதி ஒன்றனை முன்வைத்து அவ்விடையை ஈண்டு ஆராய்வாம்.

நிலமும் வேட்டையும்

மதுரையினின்று அருப்புக்கோட்டை செல்லும் வழியில் உள்ளது காரியாபட்டி. முன்னர் இராமநாதபுர மாவட்டத்தைச் சார்ந்திருந்த இவ்வூர், 1985இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபின் இன்றைய விருதுநகர் மாவட்டத்துள் அடங்கியது. வானம் பார்த்த புன்செய்யும் கண்மாய்க் கரையும் முட்புதரும் விரவிய இவ்வட்டாரம் மலைவேட்டைக்கு உரியதன்று. முயலும் பன்றியும் கௌதாரியும் திரியும் புதர்வேட்டைக்கு உரியது. இதற்குக் கிழக்கே நரிக்குடியை அடுத்துள்ள முக்குளமே, சிவகங்கைச் சீமையை ஆண்ட மருதிருவர் பிறந்த ஊர் என்ப.

இத்தகைய வறண்ட நிலத்து வேட்டையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் காட்டியுள்ளார். மழை பொய்த்த காலத்தில் நீருண்ண வரும் பன்றியை எதிர்பார்த்து, எயினர் குழிகளில் ஒடுங்கி நள்ளிரவில் காத்திருப்பர். அவ்வேட்டை வாயாதாயின் பகற்பொழுதில் நாய்களோடு சென்று புதர்களை அலைத்து, வேலிகளில் வலையை மாட்டி, முயல்களைத் தப்ப வழியின்றி வளைத்துப் பிடித்துக் கூடி உண்பர். ஈண்டு நாம் நோக்கத்தக்கவை இரண்டு. இரவு வேட்டை பொய்த்தமைக்கு அவர் வருந்தினர் என்று புலவர் கூறிற்றிலர். வேட்டையின் முடிவாக அவர் காட்டுவது கொலையன்று, கூட்டுண்ணலே. வலை பிடிப்பானும் புதர் அலைப்பானும் நாய் விடுப்பானும் ஒருங்கு கூடினாலன்றி முயல்வேட்டை நிகழாது. ஆதலின் அதன் பயனும் ஒருவனுக்கு உரியதாகாது பலர்க்கும் உரியதாயிற்று. தொழில் தனிமையை ஒறுத்தது. உணவு அதனை வழிமொழிந்தது.

எளியதை விடுத்தல்

இனி, வேட்டுவனின் திறம் பற்றிய உவகையை நோக்குவாம். திருவள்ளுவர் படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில் இதுபற்றி ஓர் அளவுகோல் தருகின்றார். முயலை வீழ்த்திய அம்பினைக் காட்டிலும், யானைமேல் எறிந்து தவறிய வேலை ஏந்துதல் இனிது என்பது அவர் கருத்து. அக்குறள் போர்மறவரைக் குறித்ததே எனினும், உவமை வேட்டையினின்று எடுக்கப்பட்டமையால், வேட்டுவர் உள்ளம் எதனை மதித்தது என்பதற்கும் அது சான்றாகும். பெற்றதன்று, முயன்றதே இன்பத்தின் அளவு என்க.

சேக்கிழார் இதன் மறுபுறத்தைக் காட்டுவர். திண்ணனாரின் கன்னிவேட்டையைப் பாடுமிடத்து, வேடர் யானைக் கன்றுகளைத் தொடர்ந்திலர், குருளைகளைக் கொன்றிலர், சூல்கொண்டு தளர்ந்த பிணைகளை வருத்திலர் என்று அவர் வரையறை கூறுகின்றார். வலியதை எதிர்த்தலும் எளியதை விடுத்தலும் ஒரே அறத்தின் இரு கூறுகள். அதே திண்ணனார் பின்னர்த் தாம் வேட்டையாடிய ஊனில் சுவையால் சிறந்ததைத் தேர்ந்து காளத்தியார்க்குப் படைத்தார். வேட்டையின் சிறந்த கூறு வேட்டுவனுக்கு உரியதன்று என்பது அக்காப்பியத்தின் உள்ளுறை போலும்.

கொடுத்தலில் முடியும் வேட்டை

சங்கச் சான்றோருள் வன்பரணர் வேட்டைக்குச் சென்ற தலைவர் இருவரைப் பாடியுள்ளார். கண்டீரக் கோப்பெருநள்ளி மான்கணத்தை வேட்டையாடிய நிலையில், பசியால் தளர்ந்து மரநிழலில் இருந்த புலவரைக் கண்டான். உடன் வந்தோர் வந்து சேருமுன் தானே தீக்கடைந்து ஊனைச் சுட்டு அவர்க்கு அளித்தான். பசி தீர்ந்தபின் தன் அணிகலன்களையும் ஈந்தான். நாடும் பெயரும் வினவியபோது கூறாது சென்றான். அவன் இன்னான் என்பதைப் புலவர் வழிச்செல்வார் வாயிலாகவே அறிந்தனர். வல்வில் ஓரியோ ஒரே அம்பால் யானையும் புலியும் மானும் பன்றியும் உடும்பும் ஊடுருவ எய்தவன். அத்தகைய வில்லாளன் தன் பெயரைப் பாணர் பாடக் கேட்டு நாணினான். பின் ஊனும் கள்ளும் பொன்னும் வழங்கினான். இருவரும் தம் திறத்தைத் தாமே எடுத்துரைத்திலர். கொடுத்தபோதுதான் அவர் வேட்டை நிறைவுற்றது.

இவர் குறுநிலத் தலைவர். வயிற்றின் பொருட்டு வேட்டையாடிய எளியார்க்கு இஃது எங்ஙனம் பொருந்தும் என்று வினவலாம். தக்க தடையே அது. வேட்டுவன் கொணர்ந்த மான்தசைக்கு உழவர் மனையில் நெல் பெறுதலைக் கோவூர் கிழார் பாடுகின்றார். ஆண்டு வேட்டை பிழைப்பேயாகும். எனினும் வீரை வெளியனார் பாடிய புறப்பாட்டில், களைத்து உறங்கும் வேட்டுவனின் மனைவி, முற்றத்திற் கூடியிருக்கும் கலையும் பிணையும் வெருவுமோ என்றும் கணவன் விழிப்பானோ என்றும் அஞ்சி ஒலி எழுப்பாது இருக்கின்றாள். உணவு முற்றத்திலேயே நிற்ப, அவள் அதனை உணவாக நோக்கவில்லை. வறுமையும் அவ்வுள்ளத்தைச் சுருக்கவில்லை என்பது தேற்றம்.

வெள்ளை மருதுவின் வேட்டை

மேற்கூறியன பாட்டின் புனைவே என்று கருதுவார்க்கு விடையாக அமைவது, பகைவர் ஒருவர் எழுதிய உரைநடைச் சான்று. கிழக்கிந்தியக் குழுமத்தின் சென்னைப் படையில் பணியாற்றிய ஜேம்ஸ் வெல்ஷ் என்பார் தம் படைத்துறை நினைவுகளை 1830இல் நூலாக்கினார். அதன்கண், ஆட்சிப்பொறுப்பைத் தம்பியாகிய சின்ன மருதுவிடம் விடுத்து, வேட்டையிலேயே நாள் கழித்த வெள்ளை மருதுவாகிய பெரிய மருதுவின் இயல்பை அவர் விரித்துரைக்கின்றார். பேருடலும் பெருவலியும் வாய்ந்த அவர், ஆர்க்காட்டு வெள்ளி நாணயத்தை விரலால் வளைக்க வல்லவர் என்று மக்கள் பேசிக்கொண்டனராம். திருச்சிராப்பள்ளி, தஞ்சை, மதுரை ஆகிய இடங்களில் இருந்த ஐரோப்பியர் வேட்டையாட விரும்பின் அவரையே நாடினர். புலி புறப்பட்டால் வேலேந்தி முதலில் எதிர்ப்பவர் அவரே. சிறு விலங்குகளையோ விருந்தினர் பங்குக்கென விட்டுவிடுவார்.

இச்செய்தி நம் ஆராய்ச்சிக்கு மிகவும் இன்றியமையாதது. இடரைத் தமக்கும் எளிய வெற்றியை விருந்தினர்க்கும் பகுத்தளித்த இவ்வொழுக்கத்தில், குறள் கூறும் இனிமையும் நள்ளி காட்டிய வண்மையும் ஒருங்கே காணப்படுகின்றன. வெல்ஷ் சங்கநூல் கற்றவர் என்று கொள்ளுதற்கு இடமில்லை. மருதுவைப் புகழ்ந்து பெறத்தக்க பயனும் அவர்க்கு இல்லை. போர் முடிந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப்பின் வெளிவந்த நூலாதலின் நினைவுப் பிழைகள் சில புகுந்திருக்கலாம். எனினும் பகைவர் வாய்ப் புகழ்ச்சிக்குத் தனி மதிப்பு உண்டு.

வெல்ஷ் 1795இல் மதுரையில் இருந்தபோது வேட்டைச் செலவினிடையே ஒருமுறை சென்று கண்டமையே சின்ன மருதுவோடு நட்பாக மலர்ந்தது. அதன்பின் அரிசியும் கனியும் அவர்க்கு வந்த வண்ணம் இருந்தன. வேலெறியவும், ஐரோப்பியர் கள்ளர்தடி என்று வழங்கிய வளரியை வீசவும் சின்ன மருதுவே தமக்கு முதலில் கற்பித்தார் என்று அவர் எழுதுகின்றார். படைக்கலத்தின் நுட்பத்தையும் விருந்தினனோடு பகிர்ந்துகொண்ட நட்பு அது.

வேட்டைத் துணைவன் வேட்டைப்பொருள் ஆதல்

ஆறு ஆண்டுகள் கழிந்தன. 1801 சூன் 16ஆம் நாள் சின்ன மருதுவின் பேரறிக்கை திருச்சிராப்பள்ளியில் ஒட்டப்பெற்றது. தொடர்ந்து மூண்ட போரில் குழுமப் படையினர் சிறுவயலினின்று காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டி வழி காண ஏறத்தாழ ஒரு திங்கள் முயன்று, இயலாது கைவிட்டனர். விலங்கின் தடம் அறிந்தவர்க்கு அக்காடு அரணாயிற்று. அறியாதவர்க்குச் சிறையாயிற்று என்பது எம் கருத்து. ஆயினும் வேறு வழியாகக் காளையார்கோயில் வீழ்ந்தது. மருதிருவர் காட்டினுள் தேடிப் பிடிக்கப்பெற்று, 1801 அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பெற்றனர்.

தமக்கு வளரி கற்பித்தவரையே காட்டு விலங்கைத் துரத்துவது போலத் துரத்த நேர்ந்ததையும், தொடையெலும்பு முறிந்து சிறையில் கிடந்த அவரை, தமையனாரோடும் மகனாரோடும் தூக்கில் தொங்கக் கண்டதையும் வெல்ஷ் மறையாது எழுதியுள்ளார். அவர் போரைக் குறிக்க வேட்டையின் சொல்லை ஆண்டமை தற்செயலன்று. தளர்ந்ததைத் தொடராமையும் உடன் உண்டாரைக் காத்தலும் வேட்டையின் வரம்புகள். அவ்விரண்டும் அவ்வாண்டில் அழிந்தன என்பதை, வேட்டையை மருதுவிடம் கற்றவராதலின், அவர் உணர்ந்திருந்தார் போலும்.

பிற்கால நிலை

தென்மாவட்டச் சிற்றூர்கள் பலவற்றில் பொங்கலையும் சிவராத்திரியையும் ஒட்டி ஊரார் கூடி முயல்வேட்டைக்குச் சென்று, கிடைத்ததைப் பங்கிட்டு உண்ணும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. அதனைப் பாரிவேட்டை என்பர். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் அதன்கண் செய்யப்பெற்ற திருத்தமும் வேட்டையைத் தடுத்தன. முயலும் அச்சட்டத்தின் காப்பைப் பெற்ற உயிரே. விருதுநகர் மாவட்டத்தின் மேற்கெல்லையில், 1988இல் சாம்பல்நிற அணிலுக்கெனப் புகலிடமாக அமைக்கப்பெற்ற திருவில்லிபுத்தூர்க் காடு 2021இல் புலிகள் காப்பகமாயிற்று. பெரிய மருது வேலேந்தி எதிர்த்த விலங்கு இன்று அவர் பிறந்த மாவட்டத்திலேயே காக்கப்படுகின்றது.

இத்தடையால் வேட்டையின்பம் அழிந்ததோ எனின், அன்று என்க. கன்னியாகுமரியில் விசயதசமியன்று பகவதியம்மன் குதிரை ஊர்தியில் மகாதானபுரம் வரை எழுந்தருளிப் பாரிவேட்டை நிகழ்த்தும் விழா இன்றும் நடைபெறுகின்றது. ஆண்டு விலங்கின் குருதி இல்லை. செலவும் கூட்டமும் எதிர்பார்ப்பும் மீள்வும் உள்ளன. கொலை நீங்கியும் வேட்டை விழாவாக நிற்றல், கொலை அதன் உயிர்நிலை அன்று என்பதற்குச் சான்றாகும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றான், கூட்டமும் திறமும் வேட்டையின்பத்தின் படிகளே என்பதும், அதன் முடி கொடையே என்பதும் பெறப்பட்டன. எயினர் முயலைக் கூடி உண்டதும், நள்ளி பெயர் கூறாது ஊன் அளித்ததும், வெள்ளை மருது எளிய வேட்டையை விருந்தினர்க்கு விடுத்ததும் ஒரே மரபின் மூன்று நிலைகள். வில்லும் வேலும் வளரியும் இன்று அருங்காட்சியகத்துப் பொருள்களாயின. பகுத்துண்ணலோ காட்டைச் சார்ந்ததன்று. ஆதலின் அதற்கு அழிவில்லை.