ஓடுதளங்களும் பட்டறைகளும்: கால் மைல் பந்தயத்தின் எழுதப்படாத பக்கம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், ஊர்ச் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோரின் தகுதிகள் என்ன, தகுதியிழப்புகள் என்ன என்று பராந்தக சோழன் காலத்தில் கல்லில் வெட்டிவைத்தார்கள். வெட்டிவைத்ததனால்தான் பத்தாம் நூற்றாண்டுக் கிராம நிர்வாகம் பற்றி இன்று நம்மால் உறுதியாகப் பேச முடிகிறது. அதே வட்டாரத்தில், ஏனாத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரையிலான சாலையோரங்களில், இரும்பையும் எண்ணெயையும் கையாண்டு தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த தொழிலறிவுக்குக் கல்வெட்டும் இல்லை, ஓலையும் இல்லை. நம் மோட்டார் பந்தய வரலாறு இதுவரை ஓட்டியவர்களின் வரலாறாகவே சொல்லப்பட்டிருக்கிறது. வண்டியைச் செய்தவர்களின் வரலாறாகச் சொல்லப்படவில்லை. பழைய காரைக் குறைந்த செலவில் பந்தயக் காராக மாற்றும் கலையை முன்வைத்து அந்த இடைவெளியைச் சற்று நோக்கலாம்.

டிராக் ரேஸ் என்பது மோட்டார் பந்தயங்களிலேயே எளியது. வளைவுகள் இல்லை. இரண்டு வண்டிகள் அருகருகே அசையாமல் நின்று, விளக்கு எரிந்ததும் கால் மைல், அதாவது 402 மீட்டர், நேர்கோட்டில் பாய வேண்டும். முதலில் கோட்டைத் தொடுபவர் வென்றவர். இது செல்வந்தர்களின் விளையாட்டாகப் பிறக்கவில்லை. கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் 1930களில் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு வேகம் பார்த்தார்கள். போர் முடிந்தபின் அவர்களுக்குப் புது இடம் கிடைத்தது. 1950இல் சாண்டா அனா விமானத் தளத்தின் ஓடுதளம் ஒன்றில் கட்டணம் வாங்கி முறையாகப் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே வாலி பார்க்ஸ் இதற்கென ஒரு தேசிய அமைப்பை உருவாக்கினார். தெருவில் உயிர் போகும் போட்டியை விதிகளுக்குள் கொண்டுவருவதே அதன் நோக்கம்.

போர் விட்டுச்சென்ற ஓடுதளங்களுக்கும் மோட்டார் பந்தயத்துக்கும் உள்ள உறவு விசித்திரமானது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் ஒரு விமானத் தளம். அந்நாட்டின் டிராக் பந்தயத் தலைமையகமான சாண்டா பாட், 1966இல் வேறொரு விமானத் தளத்தில் உருவானது. சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரமும் அந்த வரிசையில் சேர்கிறது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளமான சோழவரத்தைப் பல பத்தாண்டுகள் இந்தியப் பந்தயத்தின் மையமாக வைத்திருந்தது. குண்டுவீச்சு விமானங்களுக்காகப் போட்ட கான்கிரீட் கடைசியில் ஃபியட்டுகளுக்கும் ஹெரால்டுகளுக்கும் பயன்பட்டது.

சோழவரத்தில் நடந்தவை பெரும்பாலும் சுற்றுப் பந்தயங்களே. ஆனால் ஓடுதளத்தின் நீண்ட நேர்கோடுதான் அங்கே வெற்றியைத் தீர்மானித்தது. எனவே கார் தயாரிப்பின் தர்க்கம் ஒன்றே. அன்றைய இந்தியாவில் வாங்கக் கிடைத்த கார்கள் மிகச் சில. உத்தர்பாராவிலிருந்து அம்பாசடர், பம்பாயிலிருந்து ஃபியட், சென்னை வண்டலூர்ப் பக்கத்திலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. வெளிநாட்டில் தபாலில் வரவழைத்துப் பொருத்தக்கூடிய பந்தய உதிரிபாகம் ஒவ்வொன்றையும் இங்கே யாரோ ஒருவர் லேத்தில் கடைந்தெடுக்க வேண்டியிருந்தது. 1980களில் விஜய் மல்லையா ஃபார்முலா ஒன் காரொன்றைக் கொண்டுவந்து சோழவரத்தில் ஓட்டியது பலருக்கு நினைவிருக்கலாம். அதே தளத்தில் எதிர்ப்பக்கம் நின்றது உள்ளூர்ப் பட்டறையின் கைவேலை.

அந்தக் கைவேலை என்ன என்று சற்று விரிவாகச் சொல்வது அவசியம். ஃபியட் 1100, பின்னாளில் பிரீமியர் பத்மினி, 1089 சி.சி. எஞ்சின் கொண்டது, ஏறத்தாழ 40 குதிரைத்திறன். சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பைச் சற்றே சீவினால் எரியறை சிறுத்து அழுத்தம் கூடும், சக்தியும் கூடும். அளவு மீறிச் சீவினால் அன்றைய பெட்ரோலின் தரத்துக்கு எஞ்சின் தட்டத் தொடங்கி பிஸ்டன் ஓட்டையாகிவிடும். எங்கே நிறுத்துவது என்பதைக் காதால் கேட்டே அறிந்தார்கள். காற்று புகும் வழியையும் புகை வெளியேறும் வழியையும் அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். கேம் ஷாஃப்டின் முனைகளில் வெல்டிங் வைத்து, வேறு வடிவத்தில் மீண்டும் கடைந்தார்கள். ஃபிளைவீலின் எடையைக் குறைத்தார்கள். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டைப் பொருத்தினார்கள்.

அம்பாசடர்காரர்களுக்கு ஒரு சாதகம் இருந்தது. அதன் 1489 சி.சி. எஞ்சினும் எம்.ஜி.ஏ. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினும் ஒரே குடும்பம். ஆகவே அங்கே எழுதப்பட்ட நூல்கள் இங்கே செல்லுபடியாயின. ஆனால் கார் கனமானது. ஹெரால்டுக்கோ தனிச் சட்டம் உண்டு. மேற்கூட்டைப் போல்ட்டுகளைக் கழற்றிப் பிரித்துவிடலாம். 1980களில் பெங்களூரிலிருந்து வந்த சிபானி டால்ஃபின், ஃபைபர் உடலும் 848 சி.சி. அலுமினிய எஞ்சினும் கொண்டு, எடை குறைவே மலிவான வேகம் என்பதை எல்லோருக்கும் காட்டியது.

இதற்கொரு கணக்கும் உண்டு. கால் மைலைக் கடக்கும் நேரம், எடையைச் சக்தியால் வகுத்துவரும் எண்ணின் கனமூலத்தைப் பொறுத்தது என்பது டிராக் உலகின் பழகிய சூத்திரம். ஓட்டுநரோடு சேர்த்து ஏறத்தாழ 960 கிலோ எடையும் 40 குதிரைத்திறனும் உள்ள பத்மினிக்கு அது சுமார் 22 விநாடி தருகிறது. இருக்கைகளையும் உள்விரிப்புகளையும் கண்ணாடிகளையும் களைந்து எடையை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, சக்தியை 60 ஆக்கினால் நேரம் 18 விநாடிக்குச் சற்றுக் கீழே இறங்கும். சக்தியை மட்டும் கூட்டி எடையைத் தொடாதிருந்தால் 19 விநாடிக்கு மேல்தான். கழற்றி எடுக்கக் காசு வேண்டாம், உழைப்பு போதும். ஏழையின் முதல் ஆயுதம் ஸ்பேனர் என்று சொல்லலாம்.

மிச்சமாகும் பணம் எஞ்சினுக்குப் போகக் கூடாது என்பது அடுத்த பாடம். பத்மினி பின்சக்கர இயக்கம் கொண்டது. புறப்படும் கணத்தில் எடை பின்னோக்கிச் சாய்வது டயர்ப் பிடிப்புக்கு நல்லதே. ஆனால் பின்பக்கப் பட்டை வில்கள் முறுக்கேறி, அச்சு துள்ளத் தொடங்கும். அதை அடக்க ஓர் இரும்புத் தண்டு வேண்டும். அதற்கும் முன்னால் உருளைக் கூண்டு, தோள்பட்டி, தலைக்கவசம், தீயணைப்பான் ஆகியவை வேண்டும். டிரம் பிரேக்கை நம்பி வேகத்தைக் கூட்டுவது வீரமல்ல.

1990இல் பந்தயம் சோழவரத்திலிருந்து காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. கிளப் தனக்கென்று கட்டிய தளம் அது. கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன் மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினை வைத்துச் சிக்கனமான ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். அவர் வகுத்த ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியரானார். கைக்கெட்டும் எஞ்சினை மதித்தால் எதுவரை போகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. அண்மை ஆண்டுகளில் தேசிய டிராக் பந்தயங்களும் இருங்காட்டுக்கோட்டையில் நடந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் சீறுபவை இருசக்கர வாகனங்கள்.

இன்று பழைய காரை எடுப்பவர் முன் வேறொரு கேள்வி நிற்கிறது. பத்மினியின் உற்பத்தி நூற்றாண்டுத் திருப்பத்தோடு நின்றுவிட்டது. மும்பைச் சாலைகளிலிருந்து அதன் கடைசி டாக்சி 2023 அக்டோபரில் விடைபெற்றது. 2021இல் வந்த மத்திய அரசு விதி, ஐம்பது ஆண்டு கடந்த வாகனத்தை, மூல வடிவம் குலையாதிருந்தால், விண்டேஜ் வாகனமாகப் பதிய இடமளிக்கிறது. வெட்டிய காருக்கு அந்தத் தகுதி கிடைக்காது. மூல அமைப்பை மாற்றிய வாகனத்தைச் சாலையில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடையாக நிற்கிறது. அதை டிரெய்லரில் ஏற்றித் தளத்துக்குக் கொண்டுபோவதே வழி. ஒரே காரை அருங்காட்சியகப் பொருளாகவும் அம்பாகவும் வைத்துக்கொள்ள முடியாது.

எனக்குத் தோன்றுவது இதுதான். முழுமையாக இருக்கும் வண்டியைத் தொடாதிருப்போம். துருவேறிப் பாதி கரைந்து, பழைய இரும்புக்கு எடை போடப்படக் காத்திருக்கும் கூட்டை எடுப்போம். அதைப் புதுப்பேட்டையின் உதிரிபாகங்களாலும் ஊர் லேத்துக்காரரின் கைத்திறத்தாலும் உயிர்ப்பிப்பது அழிவல்ல, மீட்பு. ஆனால் ஹெட்டில் எத்தனை மில்லிமீட்டர் சீவினோம், எந்தப் பல்சக்கரம் போட்டோம், எத்தனை விநாடி வந்தது, யார் கடைந்தார் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்திலாவது எழுதிவைக்க வேண்டும். சோழவரத்துக் கான்கிரீட்டில் ஓடிய கார்களில் பெரும்பாலானவை இன்றில்லை. அவற்றைச் செய்த முதிய மெக்கானிக்குகள் சிலராவது இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கேட்க வேண்டியது நம் பொறுப்பு. அதற்கான காலமும் கால் மைலைப் போலக் குறுகியதே.