சாவடியும் தொழுமரமும்

இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தொழிற்சாலைகள் நிமிர்ந்து நிற்கும் பூமி, செங்கல்பட்டு ஜில்லாவின் ஏரிப்பாசன வயல்களாக இருந்த காலத்தில், ஏழைக்குக் கிடைத்த நீதி எத்தகையது என்பதை அறிய விரும்புவோர், சென்னை ராஜதானியின் 1816-ஆம் ஆண்டு 11-ஆவது ரெகுலேஷனைப் படித்துப் பார்க்க வேண்டும். தாமஸ் மன்றோவின் நீதிச் சீர்திருத்தத்தில் பிறந்த அச்சட்டம், கிராமத் தலைவருக்கு மாஜிஸ்திரேட் அதிகாரம் அளித்தது. அடிதடி போன்ற சில்லறைக் குற்றங்களுக்கு அவர் ஒருவரைச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். குற்றவாளி தாழ்ந்த ஜாதியாராயின், 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டியும் வைக்கலாம். மரத்துளைகளில் கால்களை நுழைத்து, ஊரார் பார்க்க உட்கார்ந்திருக்கும் அத்தண்டனை இழிவானது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது. அந்த இழிவுக்கு உரியவர் இன்னார் என்பதையும் அதுவே வகுத்தது.

1860-இல் ஜாதி பாராத இந்தியத் தண்டனைச் சட்டம் வந்தது. ஆயினும் 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், சென்னை ராஜதானியின் கிராமத் தலைவர்களைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்தியது; அதனால் அவர்களுடைய பழைய அதிகாரம் தொடர்ந்தது.

சாவடியில் தீர்ப்புச் சொன்ன அந்தக் கிராமத் தலைவர் பெரும்பாலும் நிலமுடைய குடும்பத்தில் பரம்பரையாகக் கிராம முன்சீப் பதவி வகித்தவர். பறையர் குடிகளின் நிலையைப் பற்றி 1891-இல் அறிக்கை எழுதிய செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர், அவர்கள் குடியிருந்த மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதையும், எந்நேரமும் மிராசுதாரால் வெளியேற்றப்படக்கூடும் என்ற அச்சத்தில் அவர்கள் வாழ்ந்ததையும் எடுத்துக் காட்டினார். தன் குடிசையைப் பிடுங்கி எறிய வல்லவர்மீது பிராது கொடுக்க எந்தப் பண்ணையாள் துணிவான்? வழக்கு சாவடிக்கு வருமுன்பே தோற்றுவிட்டது என்பதே என் துணிபு.

சுதந்திரத்துக்குப் பின்னும் அந்தஸ்தின் செல்வாக்கு அகலவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒடுக்கப்பட்ட கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்ட வழக்கில், கீழ்க்கோர்ட்டு தண்டித்த நிலச்சுவான்தார்களை 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. செல்வந்தர்களான அவர்கள் தாமே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப இயலவில்லை என்று தீர்ப்புக் கூறியது. அங்கே அந்தஸ்தே சாட்சிக் கூண்டில் ஏறி நின்றது.

முன்சீப் முதலிய கிராம அதிகாரிகளின் பதவிகள் தமிழ்நாட்டில் ஒழிந்தது 1980 நவம்பர் 14-இல்தான். டிரெமென்ஹீரின் அறிக்கையால் 1892-இல் பிறந்த, ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் என்னவாயின என்பதை அடுத்த இதழில் காண்போம்.